பித்தளைக் கைப்பிடி

கடலைப் பற்றி முத்துக்கருப்பனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, அது உப்புக் கரிக்கும். இரண்டு, அதில் மச்சினன் அருண்பாண்டி வேலை பார்க்கிறான். சுருளிப்பட்டியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதற்கு மேல் கடல் எதற்கு? கம்பத்திலிருந்து கூடலூர் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் இஞ்சின் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். வரப்பில் நடந்து வரும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, சுற்றி நிற்கிறவர்கள் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். அவருக்குக் கூலியே அதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் உண்மை.

அன்றைக்குக் காலையில் அவர் முருகம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் இருந்தார். டிரான்ஸ்பார்மர் போய் இரண்டு நாளாகக் கரண்டு இல்லை. பந்தலில் பழம் திரண்டு வருகிற நேரம். மூலையில் கிடந்த பழைய டீசல் இஞ்சினைத் துடைத்து ஓட்டிப் பார்த்தால், இஞ்சின் ஓடுகிறது, பம்பு தண்ணீர் எடுக்க மாட்டேன் என்கிறது.

"ஃபுட் வால்வு கசியுது ஆத்தா. குழாய்க்குள்ள இருந்த தண்ணி பூராம் கிணத்துக்கே இறங்கிப்போச்சு. வெறுங்காத்தக் குடிச்சுக்கிட்டு பம்பு எப்பிடித் தண்ணி எடுக்கும்? ஒரு வாளி சாணியக் கரைச்சுக் கொண்டாங்க" என்றார்.

இது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, சாணித் தண்ணீரை வாய் நிரம்ப ஊற்ற வேண்டும். சாணி போய் அடியில் கசிகிற வால்வை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் குழாயில் நிற்கும். பிறகு மாட்டிவிட்டு இஞ்சினைச் சுற்றினால் பம்பு பிடித்துக்கொள்ளும். குழாயைக் கழற்றும்போது உள்ளிருந்து ஒரு சொட்டுகூட வராது. தண்ணீர் இருபதடிக்குக் கீழே கிணற்றில் கிடக்கிறது. அதுவாக மேலே ஏறி வந்து யாரையும் எதுவும் செய்துவிடாது. முப்பது வருஷத்தில் இந்த வேலையை ஆயிரம் தடவைக்கு மேல் செய்திருப்பார்.

முருகம்மாள் வாளியோடு வருவதற்குள் போன் அடித்தது. அருண்பாண்டி.

அருண்பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்துக்கருப்பனின் மனைவி பாண்டீஸ்வரிக்குத் தம்பி என்று பெயர்தானே தவிர, பிள்ளை மாதிரிதான். அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயசு. கல்யாணமாகி வந்தபோது பாண்டீஸ்வரி அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். முத்துக்கருப்பனுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது, ஆகவே அவனை வளர்ப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரே ஒரு வருத்தம், பயல் ஸ்பேனரைக் கையில் தொட மாட்டான். "கிரீசு நாத்தம் நமக்கு ஆகாது மச்சான்" என்று சொல்லிவிட்டுக் குமுளி வழியாக மலை இறங்கிக் கொச்சிக்குப் போனவன், ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவி, அப்புறம் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிற பாய்மரப் படகில் சமையலுக்கும் கயிறு இழுக்கவும் சேர்ந்துகொண்டான். அந்தப் படகை இப்போது தூத்துக்குடியில் யாரோ வாங்கியிருந்தார்கள். அதைக் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். படகில் இரண்டே பேர், அருண்பாண்டியும் படகை ஓட்டுகிற ஸ்ராங்கும்.

"மச்சான், இஞ்சின் நின்னுபோச்சு."

"எந்த இஞ்சினுடா?"

"போட்டு இஞ்சினு மச்சான். முட்டத்துக்கு நேரா நிக்கிறோம். காத்து பொட்டுக்கூட இல்ல. பாயி துவைச்சுப் போட்ட சேல மாதிரி தொங்குது. சரி, இஞ்சினப் போட்டுப் போவோம்னு போட்டா, பத்து நிமிசத்துல பீப் பீப்புனு கத்திச்சு. தொட்டா கை வெந்துபோற மாதிரி கொதிக்குது. அணைச்சுட்டேன்."

முத்துக்கருப்பனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளதைச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் பயல் ஒரு இஞ்சினைப் பற்றி அவரிடம் வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. போனை ஸ்பீக்கரில் போட்டு, கிணற்று மேட்டின் மேல் வைத்துவிட்டு, முருகம்மாளையும் பக்கத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"பதறாம சொல்லு மாப்ள. அதுக்குத் தண்ணி எங்கருந்து வருது?"

"கடல்லருந்துதான். அடியில ஒரு ரப்பர் பைப்பு வருது. உறிஞ்சி இஞ்சினச் சுத்திட்டு, பின்னாடி புகையோட வெளிய துப்பும். இப்பத் துப்பவே இல்ல மச்சான். வெறும் புகைதான்."

"ஸ்ராங்கு என்ன சொல்றாரு?"

"அவரு கரைக்குப் போன் போட்டுட்டாரு. குளச்சல்லருந்து வள்ளம் வருதாம், கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு. முக்கா மணி நேரம் ஆகும்னாக. நீ இஞ்சினத் தொடாத, சும்மா இருங்குறாரு. ஆனா நீரோட்டம் எங்கள பாறப் பக்கமாத் தள்ளுது மச்சான். நங்கூரம் போட்டுருக்கு, வழுக்கி வழுக்கி வருது. அதுக்குள்ள வள்ளம் வந்துரும்னு அவரு சொல்றாரு. எனக்குத்தான் அந்தப் பாறையப் பாத்தா கை காலு ஓட மாட்டேங்குது."

"ஒரு போட்டா எடுத்து அனுப்பு."

வாட்ஸப்பில் போட்டோ வந்தது. படிக்குக் கீழே ஒரு குழி. குழிக்குள் பச்சைப் பெயின்ட் அடித்த சின்ன இஞ்சின். அதன் முகத்தில் பம்பு. பம்பிலிருந்து ஒரு வெள்ளை ரப்பர் குழாய் அடித்தளம் வரைக்கும் இறங்கியது. குழாய் அடியில் முடிகிற இடத்தில் பித்தளையில் ஏதோ ஒரு கைப்பிடி மாதிரி. முத்துக்கருப்பன் இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பம்பைப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்க்கவில்லை. பார்த்தார் என்றே வைத்துக்கொண்டாலும் அது அவர் மனசில் பதியவில்லை.

"பாத்தீகளா ஆத்தா, கடல்ல ஓடுறதும் நம்ம இஞ்சினுதான். அதே கோளாறுதான்" என்று முருகம்மாளிடம் படத்தைக் காட்டினார். அந்த அம்மாள் சாணி வாளியைக் கையில் வைத்தபடி எட்டிப் பார்த்து, "அம்புட்டுத் தூரத்துலருந்து உங்களக் கேக்குறானே" என்று சொன்னதும் அவருக்கு இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது.

"மாப்ள, உன் பம்பு காத்தக் குடிச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல. அடியிலருந்து வருதுல்ல ரப்பர் பைப்பு, அதப் பம்புப் பக்கம் கிளிப்ப லூசு பண்ணிக் கழட்டு. ஒரு சொம்புத் தண்ணிய உள்ள ஊத்து. நெறஞ்சதும் மாட்டி ஸ்டார்ட் பண்ணு. பிச்சுக்கிட்டு எடுக்கும்."

"கழட்டலாமா மச்சான்? ஒண்ணும் ஆகாதே? ஸ்ராங்கு தொடாதேன்னாரு."

"என்ன ஆகும்? கழட்டுனா உள்ள வெறுங்காத்துதான இருக்கும். வள்ளம் வந்து கட்டி இழுத்துட்டுப் போற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா மச்சான்னு ஒருத்தன் இருக்கேன்? அந்தாளு பாயப் பாக்கட்டும், நீ இஞ்சினப் பாரு."

"சரி மச்சான்."

பிற்பாடு எத்தனையோ தடவை அந்த 'சரி மச்சான்' அவர் காதில் கேட்டது. அதில் ஒரு தயக்கமும் இல்லை. அக்கா சோற்றைப் போட்டால் தட்டை நீட்டுகிற மாதிரி சொன்னான்.

போனை எங்கோ பலகை மேல் வைத்துவிட்டு வேலை பார்த்தான் போலிருக்கிறது. திருப்புளி திருகுகிற சத்தம் கேட்டது. மேலேயிருந்து யாரோ மலையாளத்தில் என்னமோ கேட்டார்கள். "ஒரு நிமிசம் சேட்டா" என்றான். பிறகு ரப்பரை முறுக்கி இழுக்கிற முனகல். பிறகு 'சர்'ரென்று ஒரு பாய்ச்சல்.

"மச்சான்! தண்ணி!"

"வந்துருச்சா!" முத்துக்கருப்பன் கிணற்று மேட்டில் கையால் ஓங்கி அடித்தார். "வந்துருச்சுல்ல! நாஞ் சொன்னேன்ல மாப்ள!"

முப்பது வருஷமாக அவர் பிழைப்பே அந்தச் சத்தத்துக்காகத்தான். தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். தோட்டக்காரர்கள் முகம் மலரும், யாராவது காப்பி கொண்டுவருவார்கள். அதைத் தவிர வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அவன் இன்னொரு தடவை மச்சான் என்று கூப்பிட்டான். ஏதோ உருண்டு விழுந்தது. லைன் கட்டாகிவிட்டது.

"சிக்னல் போயிருச்சு. கடல்ல" என்று முருகம்மாளிடம் விளக்கம் சொன்னார்.

பிறகு இங்கே குழாயில் சாணித் தண்ணீரை ஊற்றி இஞ்சினைச் சுற்றினார். பம்பு பிடித்துக்கொண்டது. திராட்சைப் பந்தலுக்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. காலைக் கழுவிக்கொண்டே பாண்டீஸ்வரிக்குப் போன் செய்தார்.

"பாண்டீசு, உந்தம்பி போட்டு நின்னுபோச்சாம். நான் இங்கன கிணத்து மேட்டுல உக்காந்துக்கிட்டே சரிபண்ணிட்டேன்."

"நெசமாவா? அவனா உங்களக் கேட்டான்?"

"பின்ன? தண்ணி வந்த சத்தம் எங்காதுல கேட்டுச்சு."

வீடு வந்து சேரும்போது பத்தரை மணி. அதற்குள் பாண்டீஸ்வரி தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தாள். ரேசன் கடைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி, "என்ன முத்துக்கருப்பண்ணே, இனி கப்பலுக்கும் நீங்கதானா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். முகங்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததே இல்லை.

பாண்டீஸ்வரி கருவாட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒருக்கா அவனுக்குப் போடுங்க, நானும் ரெண்டு வார்த்த பேசுறேன்" என்றாள். போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. "ஓடிக்கிட்டிருப்பான்" என்றார். "அவன் போட்டா ஏதும் அனுப்பியிருந்தா அதையாவது காட்டுங்க, எந்தம்பி எங்கன இருக்கான்னு பாப்பம்" என்றாள்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். இஞ்சினைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மூலையில் கிடந்த தம்பியின் செருப்பை அடையாளம் கண்டு சிரித்தாள். பிறகு, "இந்தா அடியில பித்தளையில இருக்கே, இதென்ன? நம்ம தண்ணித் தொட்டிக் குழாய்ல இருக்குற திருகு மாதிரி இருக்கு" என்று கேட்டாள்.

"அது வால்வு" என்று சொல்லிவிட்டு முத்துக்கருப்பன் நிறுத்தினார்.

அங்கே எதற்கு வால்வு? கிணற்றில் போகிற குழாய்க்கு அடியில் கையால் மூடுகிற வால்வு ஒருத்தரும் வைக்க மாட்டார்கள். மூடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? வைத்தவன் முட்டாள் இல்லை. அங்கே எதையோ மூடியே ஆக வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறான்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அருண்பாண்டி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "படகுக்குள்ள கீழ படுத்தம்னா, பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணி தலைக்கு மேல சளக் சளக்குனு அடிக்கும் மச்சான். மொத நாளு தூக்கமே வரல." அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

தண்ணீர் தலைக்கு மேலே. இஞ்சின் அதற்கும் கீழே. கிணற்றில் தண்ணீர் கீழே கிடக்கும், நாம்தான் மேலே இருப்போம். அங்கே அவன்தான் கீழே இருக்கிறான். குழாயைக் கழற்றினால் கடல் உள்ளே வரும். முதலில் அந்தக் கைப்பிடியைத் திருப்பிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற மனிதருக்குப் புரியவில்லை.

"என்னங்க, என்னமோ மாதிரி இருக்கீக?"

"ஒண்ணுமில்ல. பித்தம்."

கொல்லைப்பக்கம் போய் நின்று போன் செய்தார். அதே பெண் குரல். மறுபடி செய்தார். மறுபடி. பிறகு வாட்ஸப்பில் வாயைப் பக்கத்தில் வைத்துப் பேசினார். "மாப்ள, அடியில பித்தளையில ஒரு கைப்பிடி இருக்கும். கையவிட்டுத் தடவிப் பாரு. அதக் குறுக்கத் திருப்பு. தண்ணி நின்னுரும். திருப்பிட்டு மேல ஏறி வந்துரு. இஞ்சினு கிடக்கட்டும்." அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. போன் கெட்டுப்போயிருக்கும், பயல் நன்றாகத்தான் இருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீச்சல் படித்தவன், அவனுக்கு என்ன என்று அடுத்த நிமிஷம் நினைத்தார். வள்ளம் முக்கால் மணி நேரத்தில் வரும் என்று அவனே சொன்னானே. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் எப்போதோ முடிந்து, பயல் இந்நேரம் குளச்சலில் டீ குடித்துக்கொண்டிருப்பான். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சொன்னதையே இன்னும் இரண்டு தடவை பேசி அனுப்பினார். மூன்றுக்கும் ஒரு டிக்.

பன்னிரண்டு மணிக்குப் பாண்டீஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டாள். உட்கார்ந்தார். அவள் தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சின்னமனூரில் ஒரு பெண் இருக்கிறதாம், நர்ஸ் படித்ததாம். "கடல்ல வேலைன்னா யோசிப்பாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன், இங்கனயே உங்ககூட வந்து தொழிலப் பழகட்டும். இன்னிக்கு உங்களக் கேட்டான்ல, இனிமே கேப்பான்" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது நடந்ததாகிவிடும். சொல்லாத வரைக்கும் பயல் எங்கேயோ இருக்கிறான். அந்தக் கோழைத்தனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி வரைக்கும் ஓட்டினார்.

ஒரு மணிக்குப் பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். கை ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள்.

"அருணோட அக்காயா? நான் போட்டு ஸ்ராங்காக்கும் பேசறது. குளச்சல் ஆஸ்பத்திரியிலருந்து."

குரல் வயசான குரல். பாண்டீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மோளே, மனசத் தைரியமா வச்சுக்கணும். போட்டு முங்கிப்போச்சு. என்னை வள்ளக்காரங்க எடுத்தாங்க. அருணையும் எடுத்தாங்க. அவனுக்கு ஜீவன் இல்லை."

பாண்டீஸ்வரி, "எந்தம்பியவா சொல்றீக? அருண்பாண்டியவா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். முத்துக்கருப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளம் ஏறிட்டே இருந்துச்சு மோளே. போட்டு கனத்து நங்கூரம் விட்டுப்போச்சு. ஏறி வாடா ஏறி வாடான்னு எத்தற தடவ கூப்பிட்டேன். நெஞ்சளவு வெள்ளத்துல முங்கி முங்கி வால்வைத் தேடினான். 'நான்தான திறந்தேன், நானே அடைக்கிறேன்'னான். பாறையில இடிச்சு ஒரு பக்கமாச் சரிஞ்சப்ப அவன் உள்ள இருந்தான். பின்ன பத்து நிமிசத்துல வள்ளம் வந்துச்சு. பத்தே நிமிசம்." ஸ்ராங்கு அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார். "ஒண்ணு மட்டும் எனக்கு மனசிலாகல. இஞ்சினத் தொடாதேன்னு நான் சொல்லியிருந்தேன். வால்வை அடைக்காம அந்தப் பைப்பக் கழட்டுன்னு ஆரோ போன்ல சொல்லிக் கொடுத்தாங்க. ஆருன்னு நான் கேட்டேன். ஆரு அதுன்னு அவன் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. போலீசுக்காரங்க கேக்குறாங்க. உங்களுக்குத் தெரியுமா மோளே, ஆரா அது?"

பாண்டீஸ்வரி போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் அது எட்டவில்லை. எட்டாமலே விட்டுவிடலாம். சிக்னல் கட்டாகிவிட்டது என்று சொல்லிப் போனை அணைத்துவிடலாம். பயல் அவர் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

முத்துக்கருப்பன் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நாந்தேன்" என்றார். "அவன் மச்சான். நாந்தேன் கழட்டச் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாண்டீஸ்வரி மெதுவாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றார். அவள் அதெல்லாம் செய்யவில்லை.

"தெருப் பூராம் சொல்லிட்டு வந்தேனே நானு" என்றாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. முருகம்மாளின் வீட்டு ஆள், தண்ணீர் நிற்காமல் பாய்கிறது என்று சொல்லி ஒரு கூடைத் திராட்சையை வாசலில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.